முழம் போட்ட கையை அளந்து சொல்லுங்கள்

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை,
தேனாம்பேட்டை, சென்னை.



என் அம்மா நிலக்கோட்டைச் சந்தையில் மல்லிகை வாங்கிவந்து, எங்கள் ஊர் பேருந்து நிலையத்தில் முழம் போட்டு விற்றவர். முப்பத்தோரு வருடம் அந்த வேலை. அவரிடம் தராசு கிடையாது, அடிக்கோல் கிடையாது. முழங்கை முட்டியில் சரத்தை வைத்து நடுவிரல் நுனிவரை இழுத்தால் ஒரு முழம். கடையும் அந்தக் கைதான், அளவும் அந்தக் கைதான். இரண்டு வருடத்துக்கு முன்பு, ஆடி வெள்ளிக்கிழமை ஒன்றில், விடியுமுன் பூத் தொடுத்துக்கொண்டிருந்தபோது நார் கையிலிருந்து நழுவியது. எடுத்தார், மறுபடி நழுவியது. மூன்றாம் தடவை கை போகவே இல்லை. "அப்பத்தா, உனக்கு வாய் ஒரு பக்கமா போகுது" என்று என் தம்பி மகள்தான் முதலில் பார்த்துச் சொன்னாள்.

108 வந்தது. மாவட்டத் தலைநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். மூளையின் இடப்பக்கம் ரத்தக்குழாய் அடைப்பு. வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. அம்மா பிழைத்தார். ஆறாவது வாரம் கம்பு ஊன்றி வாசல்வரை நடந்தார். அதைப் பார்த்ததும் உறவுக்காரர்கள் எல்லோருக்கும் மனசு ஆறிவிட்டது. "நடந்துட்டாங்கல்ல, அப்புறம் என்ன" என்றார்கள். மருத்துவரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். கையை யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் வலக்கைக்கு நேராக 2/5 என்று எழுதியிருந்தது. மூன்று மாதம் கழித்துப் போனபோது 3/5. அதற்கடுத்த தடவையும் 3/5. "பரவாயில்லம்மா, இம்ப்ரூவ்மென்ட் இருக்கு" என்றார்கள். எவ்வளவு இருக்கிறது, எந்த அசைவில் இருக்கிறது, இனி எவ்வளவு வரும் என்று நான் கேட்டேன். "அது ஆளுக்கு ஆள் மாறும்" என்பதோடு பேச்சு முடிந்தது. சர்க்கரைக்கு ஒரு எண் சொல்கிறார்கள், ரத்த அழுத்தத்துக்கு இரண்டு எண் சொல்கிறார்கள், கொழுப்புக்கு நாலு எண் சொல்கிறார்கள். ஒரு குடும்பத்துக்கே சோறு போட்ட கைக்கு 'பரவாயில்லை'.

இதை உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. நோயாளியின் வீட்டு வாசல்வரை ஆள் அனுப்பும் ஏற்பாடு உங்களிடம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', தன்னார்வலர்களை வீடுவீடாக அனுப்பி ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நோய் ஆதரவுச் செவிலியரையும் இயன்முறை சிகிச்சையாளரையும் அனுப்புகிறது. பணம் கட்டி பிசியோ வைத்துக்கொள்ள முடியாத வீடுகளுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று அதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். எத்தனை பேருக்கு இயன்முறை சிகிச்சை கொடுக்கப்பட்டது என்று அரசு அவ்வப்போது கணக்கு வெளியிடுகிறது. அந்தக் கணக்கோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். பக்கவாதம் வந்தவரின் கையை, குறித்த நாட்களில், ஒரே முறையில் அளந்து, அந்த எண்ணை அவர் கையிலேயே எழுதிக் கொடுங்கள்.

3/5 என்று எழுதினார்களே, அதுவும் அளவுதானே என்று கேட்கலாம். அந்த அளவுகோலின் கதையைச் சொல்கிறேன். 0 என்றால் அசைவே இல்லை; 1 என்றால் தசையில் சிறு துடிப்பு; 2 என்றால் புவியீர்ப்பு தடுக்காத நிலையில், படுக்கையில் வைத்து நகர்த்தினால் நகரும்; 3 என்றால் புவியீர்ப்பை மீறித் தூக்க முடியும்; 4 என்றால் நாம் எதிர்த்து அழுத்தினாலும் ஓரளவு தாங்கும்; 5 முழு பலம். இதை பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு 1943இல், போரில் நரம்பு அறுபட்டு வந்த சிப்பாய்களைப் பரிசோதிக்க வெளியிட்டது. கையில் ஓடும் ஒரு நரம்பு அறுந்தால் அது ஓட்டும் தசை எவ்வளவு பலமிழந்தது என்று பார்க்க அது நல்ல கருவி. இன்றும் நரம்பியல் மருத்துவர்கள் அதை வைத்திருப்பது சரிதான்.

பக்கவாதத்தில் பழுது வேறிடத்தில் இருக்கிறது. நரம்பும் தசையும் கையில் அப்படியே இருக்கின்றன; கட்டளை போகிற பாதை மூளையில் அறுந்திருக்கிறது. அதனால் பலம் குறைவது பாதிக் கதைதான். மீதிப் பாதி, அசைவுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வது. அம்மாவிடம் கையைத் தூக்கச் சொன்னால் தோள் எழும்பும். கூடவே முழங்கை மடங்கும், மணிக்கட்டு தொங்கும், விரல்கள் உள்ளங்கைக்குள் சுருளும். தோளை மட்டும் தனியாகத் தூக்க வராது. விரலை விரிக்கச் சொன்னால் முழுக்கையும் விறைக்கும். எங்கள் ஊரில் இதைக் 'கை இழுத்துக்கிச்சு' என்பார்கள். எந்த மருத்துவப் புத்தகத்தையும்விடச் சரியான சொல். இழுத்துக்கொண்ட அந்தப் பின்னல் எவ்வளவு அவிழ்ந்திருக்கிறது என்பதை 3/5 காட்டாது. தோளை மேலே தூக்குகிறாரா? தூக்குகிறார். 3 போடு. அவ்வளவுதான்.

அந்தப் பின்னல் எந்த வரிசையில் அவிழும் என்பதைத் தாமஸ் ட்விச்செல் 1951இல் 121 நோயாளிகளைக் கவனித்து எழுதினார். முதலில் கை துவண்டு கிடக்கும். பிறகு விறைப்பு வரும். அதற்குப்பின் எல்லா மூட்டும் சேர்ந்து மடங்கும், சேர்ந்து நீளும் கூட்டசைவுகள் வரும். அதன்பிறகே ஒவ்வொரு மூட்டும் தனித்தனியாகக் கட்டளைக்குப் பணியும். ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய சிக்னே புருன்ஸ்ட்ரோம் என்ற இயன்முறை சிகிச்சையாளர் இதைப் படிநிலைகளாகப் பிரித்தார். அந்த வரிசையையே ஒரு தேர்வாக மாற்றியவர்கள் ஆக்செல் ஃபூகல்-மேயரும் அவருடைய கோதன்பர்க் சகாக்களும். ஆண்டு 1975.

அந்தத் தேர்வு எங்கள் வீட்டுக்குள் வந்தது ஐந்தாவது மாதம். பக்கத்து ஊரில் தனியாகத் தொழில் செய்யும் ஒரு இளம் பிசியோ, யாரோ சொல்லி வந்தார். வந்ததும் உடற்பயிற்சி ஆரம்பிக்கவில்லை. பையிலிருந்து ஒரு டென்னிஸ் பந்து, ஒரு பென்சில், ஒரு துண்டுக் காகிதம், ஒரு சின்ன டப்பா, ரிஃப்ளெக்ஸ் பார்க்கும் சுத்தியல், எல்லாவற்றையும் திண்ணையில் எடுத்து வைத்தார். அம்மாவைக் கைப்பிடி இல்லாத நாற்காலியில் நிமிர்ந்து உட்காரச் சொன்னார். முதலில் நல்ல கையால் செய்து காட்டச் சொல்லி, பிறகு இந்தக் கைக்கு வந்தார். கையைத் தூக்கி அதே பக்கத்துக் காதருகே கொண்டுவரணும். அங்கிருந்து எதிர்ப்பக்கத்து முழங்காலைத் தொடணும். கையைப் பின்னால் கொண்டுபோய் இடுப்புக்கு நேரே முதுகெலும்பில் வைக்கணும். முழங்கையை மடக்காமல் முன்னால் நீட்டணும். மணிக்கட்டைத் தூக்கி அப்படியே நிறுத்தணும். விரலெல்லாம் மடக்கணும், விரிக்கணும். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலின் பக்கவாட்டுக்கும் நடுவில் காகிதத்தைப் பிடிச்சுக்கணும், அவர் இழுத்தால் விடக் கூடாது. கண்ணை மூடி முழங்காலிலிருந்து மூக்கைத் தொடணும், ஐந்து தடவை, முடிந்தவரை வேகமாக. இரண்டு கைக்கும் நேரம் எவ்வளவு வித்தியாசம் என்று பார்ப்பார். 33 இனங்கள். அநேகமாக ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2. செய்ய முடியவில்லை, பாதி முடிகிறது, முழுதாக முடிகிறது. மொத்தம் 66.

அரைமணி நேரம் ஆனது. கூட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

"இருபத்துமூணு வந்திருக்கும்மா."

"எத்தனைக்குத் தாயி?"

"அறுபத்தாறுக்கு."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார், "அடுத்த தடவை எப்பப் பாப்ப?"

ஐந்து மாதத்தில் அம்மா தன் கையைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அதுதான். அதுவரை அந்தக் கையை மடியில் ஒரு பொருள்போல வைத்துக்கொண்டு, முந்தானையால் மூடிக்கொள்வார். இப்போது அதற்கு ஒரு எண் வந்துவிட்டது. வாழ்க்கை முழுக்க எண்ணி எண்ணி விற்றவருக்கு எண்ணோடு பேசத் தெரியும். ஏழு வாரம் கழித்து அளந்தபோது 31. எட்டுப் புள்ளி. அது நிஜமான முன்னேற்றமா, அளப்பதில் வந்த ஏற்ற இறக்கமா என்றும் கேட்டேன். நாள்பட்ட நோயாளிகளில், அன்றாட வாழ்வில் உணரத்தக்க மாற்றம் என்பதற்கு 4.25 முதல் 7.25 புள்ளிவரை உயர வேண்டும் என்று 2012இல் வந்த ஒரு ஆய்வு கணித்திருப்பதாக அந்தப் பிசியோ சொன்னார். எட்டு அதைத் தாண்டியது. இரண்டு புள்ளி கூடியிருந்தால் அவர் கொண்டாடியிருக்க மாட்டார். எங்களையும் கொண்டாட விட்டிருக்க மாட்டார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

அன்று இன்னொன்றும் நடந்தது. அம்மா டம்ளரை எட்டி எடுப்பார் என்று பெருமையாகக் காட்டினோம். எடுத்தார். பிசியோ எழுந்து அம்மாவின் முதுகை நாற்காலியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "இப்ப எடுங்கம்மா" என்றார். கை பாதித் தூரம்கூடப் போகவில்லை. அதுவரை எட்டியது இடுப்பு. கை அதன் நுனியில் தொங்கிக்கொண்டு போயிருந்தது. பக்கவாதத்தில் இருவகைத் தேறுதல் உண்டு. பழைய அசைவே திரும்ப வருவது ஒன்று. அது வராத இடத்தை உடம்பின் வேறு பாகம் இட்டு நிரப்புவது மற்றொன்று. இரண்டாவதும் வேண்டியதுதான், வாழ்க்கை ஓட வேண்டுமே. ஆனால் இரண்டையும் ஒன்றென்று நினைத்தால், கை தேறிவிட்டது என்று பயிற்சியை நிறுத்திவிடுவோம். டம்ளரை எடுத்தாரா என்று மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது.

மருத்துவமனைகளில் இன்னொரு அளவு உண்டு. 1965இல் வந்த பார்தெல் குறியீடு. சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, கழிவறை போவது, படியேறுவது என்று அன்றாட வேலைகளுக்கு மதிப்பெண் போட்டு 100க்குக் கணக்கிடுவார்கள். நோயாளிக்கு எவ்வளவு துணை வேண்டும் என்று அறிய அது நன்றாக உதவும். ஆனால் ஒரு கை முழுக்கச் செத்துக் கிடந்தாலும் மற்றக் கையை வைத்து 100க்கு 100 வாங்கிவிடலாம். அம்மாவும் அப்படித்தான், கிட்டத்தட்ட முழு மதிப்பெண்ணுக்கு வந்துவிட்டார். சாப்பிடுவதற்கு 10க்கு 10.

அந்தப் பத்து மதிப்பெண் எப்படி வந்தது தெரியுமா? சோத்துக்கை விழுந்துவிட்டது. பீச்சாங்கையால் சோற்றைத் தொட அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. ஸ்பூன் கேட்டார். அதையும் இடக்கையில் பிடித்துக்கொண்டு, யாரும் பார்க்காமல் அடுக்களைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார். கல்யாணப் பத்திரிகை வந்தால் மொய்யை என்னிடம் கொடுத்தனுப்பினார். பந்தியில் உட்கார மாட்டேன் என்று போவதையே நிறுத்திவிட்டார். தம்பி மகளுக்குக் காதுகுத்து நடந்த அன்றுகூடத் தலைவலி என்று படுத்துக்கொண்டார். எங்கோ ஒரு தாளில் இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து 'தானாகச் சாப்பிடுகிறார்' என்று ஒரு குறி இருக்கும்.

அதனால்தான் கையைக் கையாகவே அளக்க வேண்டும் என்கிறேன்.

அளவு இல்லாத அந்த ஐந்து மாதத்தில் நாங்கள் என்னென்ன செய்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டு அக்கா புறா ரத்தம் தேய்க்கச் சொன்னார். ஒரு தடவை அதுவும் ஆனது. பிறகு நாற்பத்தைந்து நாள் எண்ணெய் வைத்தியம், 38,000 ரூபாய், அம்மாவின் தோட்டை அடகு வைத்து. அந்த நாற்பத்தைந்து நாளில் கை கொஞ்சம் தேறத்தான் செய்தது. வைத்தியர் தன்னால் என்றார், நாங்களும் நம்பினோம். பக்கவாதம் வந்த முதல் சில வாரங்களில் மூளை தானாகவே ஓரளவு தேறிக்கொள்ளும். முதல் மூன்று மாதத்தில்தான் பெரும்பங்கு முன்னேற்றம் நடக்கும். அந்தக் காலத்தில் யார் எதைத் தேய்த்தாலும் தேய்த்தவருக்கே பெயர் போகும். எழுதி வைத்த எண்கள் இருந்திருந்தால் எண்ணெய்க்கு முன்னும் பின்னும் கை எந்த வேகத்தில் தேறியது என்றாவது பார்த்திருப்போம். தமிழ்நாட்டில் இப்படி அடகுக்குப் போன தோடுகள் ஒன்றிரண்டு அல்ல என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

முதல் வாரத்தைப் பற்றி எனக்கு ஆறாத மனக்குறை ஒன்று உண்டு. நெதர்லாந்தில் நடந்து 2010இல் வெளியான ஒரு ஆய்வு, பக்கவாதம் வந்த 72 மணி நேரத்துக்குள் இரண்டே அசைவுகளைப் பார்த்தது. தோளைப் பக்கவாட்டில் கொஞ்சமாவது விலக்க முடிகிறதா? விரல்களைக் கொஞ்சமாவது நீட்ட முடிகிறதா? இரண்டும் ஓரளவு இருந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் கையில் ஏதாவது ஒரு அளவு செயல்திறன் திரும்ப 98 சதவீத வாய்ப்பு இருந்தது. இரண்டும் இல்லாதவர்களுக்கு 25 சதவீதம். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கேத்தி ஸ்டினியர் குழுவினர் இதே இரண்டு அசைவுகளிலிருந்து தொடங்கி, மூன்று மாதத்தில் கை எந்த அளவுக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் ஒரு முறையை வகுத்திருக்கிறார்கள். முதல் படிக்கு எந்தக் கருவியும் வேண்டாம். கட்டிலருகே ஒரு நிமிடம் நின்றால் போதும். நான் குறை சொன்ன அந்த 0 முதல் 5 வரையிலான அளவே அதற்குப் போதும். அம்மாவின் விரல் மூன்றாம் நாள் நீண்டதா? தெரியாது. யாரும் பார்த்து எழுதவில்லை. நாங்களும் பார்க்கத் தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தோம். அது எழுதப்பட்டிருந்தால், எதை எதிர்பார்க்கலாம், பயிற்சியை எங்கே தொடங்கலாம் என்று முதல் வாரத்திலேயே எங்களிடம் யாராவது பேசியிருக்கலாம்.

25 சதவீதம் என்பதும் கவனத்தோடு சொல்லப்பட வேண்டிய எண். நால்வரில் ஒருவருக்கு அப்போதும் கை ஓரளவு வருகிறது. 'விரல் நீளவில்லை, இவருக்குப் பயிற்சி வேண்டாம்' என்று தீர்ப்பெழுத அதைப் பயன்படுத்தினால், அளக்காமல் இருந்ததே மேல் என்றாகிவிடும்.

இப்போது, நடைமுறை. வட்டாரம் முழுக்கச் சுற்றும் இயன்முறை சிகிச்சையாளர் ஒவ்வொரு வீட்டிலும் அரைமணி நேரம் 33 இனம் பார்த்துக்கொண்டிருந்தால் பயிற்சி கொடுக்க நேரம் இராது. அதை நான் கேட்கவில்லை. ஃபூகல்-மேயர் முழுத் தேர்வை நாலு தடவை வைத்தால் போதும்: மருத்துவமனையில் முதல் வாரத்தில், பிறகு மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஒரு வருடம். 2017இல் பல நாட்டு ஆய்வாளர்கள் கூடி வெளியிட்ட பரிந்துரையும், பக்கவாத மறுவாழ்வு ஆய்வுகளில் கை அசைவுக்கு இதையே அடிப்படை அளவாக வைக்கவும், நோய் வந்த நாளிலிருந்து எண்ணிக் குறித்த காலத்தில் அளக்கவும் சொல்கிறது. ஒருவருக்கு மூன்றாம் வாரத்திலும் இன்னொருவருக்கு ஐந்தாம் மாதத்திலும் அளந்துவிட்டு இரண்டையும் ஒப்பிட முடியாது அல்லவா? தேர்வின் விதிமுறைத் தாளைக் கோதன்பர்க் பல்கலைக்கழகம் பல மொழிகளில் இலவசமாகவே வைத்திருக்கிறது.

வீட்டுக்குப் போகும்போது கட்டைப் பெட்டி ஒன்று போதும். நடுவில் தடுப்பு வைத்த ஒரு மரப்பெட்டி, 2.5 சென்டிமீட்டர் பக்கமுள்ள 150 மரக்கட்டைகள். 60 நொடியில் எத்தனை கட்டையை ஒவ்வொன்றாக எடுத்துத் தடுப்பைத் தாண்டி அந்தப் பக்கம் போடுகிறார் என்று எண்ணுவது. இரண்டு கைக்கும் சேர்த்து ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். உலகம் முழுக்க இந்தச் சோதனை பழக்கத்தில் இருக்கிறது. ஆரோக்கியமானவர்கள் எந்த வயதில் எத்தனை போடுவார்கள் என்ற பட்டியல் 1985இலேயே வந்துவிட்டது. பெட்டியை எங்கள் ஊர்த் தச்சரே செய்துகொடுத்தார். உள்ளளவும் தடுப்பின் உயரமும் கட்டையின் அளவும் எல்லா வட்டாரத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம்.

பல்லாங்குழி வைத்து விரலைப் பழக்கச் சொல்லும் பிசியோக்கள் உண்டு, அம்மாவும் ஆடுகிறார். நல்ல பழக்கம். ஆனால் பழக்குவது வேறு, அளப்பது வேறு. ஒரு வீட்டில் சோழி, ஒரு வீட்டில் புளியங்கொட்டை, ஒரு வீட்டில் தரையில் உட்கார்ந்து, ஒரு வீட்டில் கட்டிலில் சாய்ந்து என்றால் அந்த எண்ணுக்கு அர்த்தம் இராது.

கருவிகளும் ரோபோக்களும் இருக்கின்றனவே என்று உங்களிடம் யாராவது வந்து சொல்லக்கூடும். இருக்கின்றன, நம் மாநிலத்திலேயே. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியும் சென்னை ஐஐடியும் சேர்ந்து மணிக்கட்டையும் விரல்களையும் பழக்கும் 'புளூட்டோ' என்ற இயந்திரத்தை உருவாக்கியிருக்கிறார்கள். அப்படிப்பட்டவை மாவட்டத் தலைமை மருத்துவமனைகளுக்கு வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஆனால் அவை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. டென்னிஸ் பந்தும் பென்சிலும் மரப்பெட்டியும் இன்றைக்கே கிடைக்கும்.

இயந்திரத்தாலோ பெட்டியாலோ தெரியாத ஒன்றும் இருக்கிறது. கையால் முடிகிறது என்பதால் கை வேலை செய்கிறது என்று ஆகாது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பக்கவாத நோயாளிகளின் இரு மணிக்கட்டிலும் அசைவறியும் பட்டை கட்டிவிட்டுப் பார்த்தார்கள். 2017இல் வந்த அந்த ஆய்வின்படி, பயிற்சிக்குப் பின் சோதனை மேசையில் மதிப்பெண் உயர்ந்தது; வீட்டில் அந்தக் கையைப் புழங்கிய நேரம் உயரவில்லை. எங்கள் வீட்டிலும் அதேதான். 31 வந்த பிறகும் அம்மா கதவுத் தாழ்ப்பாளுக்கு இடக்கையைத்தான் நீட்டினார். வராது, வராது என்று பல மாதம் பழகிவிட்டால், வரத் தொடங்கிய பிறகும் கை கூப்பிட்டால் ஒழிய வராது. எட்வர்ட் டாப் என்ற ஆய்வாளர் இதைக் கற்றுக்கொண்ட புழக்கமின்மை என்று விளக்கினார். அதைக் கண்டுபிடிக்க அவர் குழுவினர் ஒரு கேள்விப் பட்டியல் வைத்தார்கள்: கடந்த வாரம் இந்த வேலைக்கு அந்தக் கையைப் பயன்படுத்தினீர்களா, எந்த அளவுக்கு? 30 வேலைகள்.

அந்தப் பட்டியலை அப்படியே நம் வீடுகளில் வாசித்தால் வேலைக்கு ஆகாது. முள்கரண்டி, காலுறை, காரிலிருந்து இறங்குவது என்று போகும். நம் வேலைகளை நாம்தான் எழுத வேண்டும். சோற்றைப் பிசைந்து உருட்டி வாய்க்குக் கொண்டுபோவது. சேலைக் கொசுவத்தை மடித்துச் சொருகுவது, வேட்டியை இழுத்துக் கட்டுவது. தலை பின்னுவது. குடத்தை இடுப்பில் ஏற்றுவது. டீயை டம்ளரிலிருந்து டம்ளருக்கு ஆற்றுவது. பேருந்தில் கம்பியைப் பிடிப்பது. நெற்றிக்கு விபூதி இடுவது. கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையமும் அரசு இயன்முறை மருத்துவக் கல்லூரிகளும் சேர்ந்தால், இப்படி ஒரு பட்டியலை நோயாளிகளிடம் வைத்துச் சரிபார்த்து முறையாக வெளியிடலாம். தன்னார்வலரே மாதம் ஒருமுறை கேட்டு எழுதிவிட முடியும். எனக்கு இந்தப் பட்டியல்மீது தனி ஆசை. ஒரு கை திரும்பி வந்துவிட்டதா என்ற கேள்விக்கு, சோற்றைப் பிசைகிறாரா என்பதைவிட நல்ல பதில் நம் ஊரில் கிடையாது.

அஞ்சுகிற ஒன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். எண் வந்துவிட்டால் அதை வைத்து வட்டாரங்களை வரிசைப்படுத்தும் ஆசை யாருக்காவது வரும். தயவுசெய்து அதை அனுமதிக்காதீர்கள். கை எவ்வளவு தேறும் என்பது முதல் வாரத்தில் அது எவ்வளவு விழுந்தது என்பதைப் பெரிதும் பொறுத்தது. கடுமையாக விழுந்த நோயாளிகள் நிறைந்த ஒரு மலை வட்டாரத்தில் மாடாய் உழைக்கும் சிகிச்சையாளருக்குச் சின்ன எண்தான் வரும். அவரிடம் விளக்கம் கேட்டு மெமோ அனுப்பினால், அடுத்த மாதத்திலிருந்து எண்கள் தாமாக உயரத் தொடங்கும்; கைகள் உயரா. எண்ணை நோயாளிக்காக எழுதுங்கள். தேங்கி நிற்பவரைக் கண்டுபிடித்து, தோள்வலி இருக்கிறதா, விறைப்பு கூடியிருக்கிறதா, மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்த்து மேலே அனுப்ப அதைப் பயன்படுத்துங்கள். அளக்கும் ஆட்களுக்கு ஒரே மாதிரி பயிற்சி கொடுங்கள். ஒரே கையை இருவர் தனித்தனியே அளந்தால் கிட்டத்தட்ட ஒரே எண் வருகிறதா என்று வருடம் ஒரு தடவை சோதியுங்கள்.

எண் அலுவலகக் கணினியோடு நின்றுவிடவும் கூடாது. ரத்த அழுத்தம், சர்க்கரை எழுதும் அட்டையில் அதற்கும் ஒரு கட்டம் போடுங்கள். முழுத் தேர்வு நாலு தடவை, கட்டை மாதம் ஒரு தடவை, அதற்கு வேண்டிய இடம் அரைப் பக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். தம்பி மகள் கைப்பேசியில் 60 நொடி வைத்தாள். அம்மாவின் இடக்கை 62 கட்டை. வலக்கை 19. போன வருடம் இதே மாதத்தில் 4. அவள் தன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறாள். வேறு எங்கே எழுதுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. பெட்டியை மூடும்போது அம்மா, "நூறு பூவு உதிரியா வாங்கியா, கட்டிப் பாப்போம்" என்றார். வாங்கி வந்தேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. சரம் கொஞ்சம் நெகிழ்ந்து, பூக்கள் தலைகீழாக மாறிமாறி இருந்தன. இடக்கையால் எடுத்து, வலது முழங்கையில் வைத்து, நடுவிரல்வரை இழுத்துப் பார்த்தார். முக்கால் முழம் வந்தது.

இப்படிக்கு,
ஒரு பூக்காரியின் மகள்